வேறு காரின் சில்லைப் பூட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தல்

ஒரு காரின் சில்லை இன்னொரு காருக்குப் பூட்டுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. மண்ணெண்ணெயில் கார் ஓடிய தொண்ணூறுகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் கையில் அகப்பட்ட சாமான்களால்தான் உயிர் தப்பின. பிறகு 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதுக் கார் வாங்க முடியாதவர்கள் இருந்த காருக்கே அலங்காரம் செய்யத் தொடங்கினார்கள். முதலில் மாறியது சில்லு. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் பழைய அலோய் (அலுமினியக் கலவை) சில்லுகளுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு. "நாலு ஓட்டைதானே, ஏறும் அண்ணை" என்ற ஒரு வசனத்தோடு வியாபாரம் முடிந்துவிடும்.

ஏறும், மறுப்பதற்கில்லை. ஆனால் துளைகளின் எண்ணிக்கை ஐந்தாறு அளவுகளில் ஒன்று மட்டுமே. மற்றவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டாலும் கார் அதைத் தன் பாஷையில் சொல்லும். அது சொல்லும் ஒழுங்கிலேயே, சில்லைக் கையில் எடுத்த கணத்திலிருந்து, கீழே எழுதியிருக்கிறேன்.

தேவையானவை: ஒரு வேர்னியர் அளவுகோல், ஒரு கம்பித் தூரிகை, வெண்கட்டித் துண்டு, இரவலாகவேனும் ஒரு ரோர்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பனர்). கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் முற்றத்திலோ கரையோர மணலிலோ ஜக் வைப்பதாயின் அடியில் தடித்த பலகை வையுங்கள். எதிர்ப்பக்கச் சில்லுக்குக் கல் அணை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

சில்லு ஹப்போடு ஒட்டி உட்காரவில்லை

ஹப் என்பது காரில் சில்லைப் பூட்டும் நடுத்தட்டு. முதலில் துளைகளின் வட்டத்தைப் பாருங்கள். எல்லா வீல் போல்ட்டுகளின் நடுவையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். நான்கு துளைச் சில்லில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிர்த்துளை இல்லாததால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். 58.8 மி.மீ. வந்தால் பிசிடி 100, 67.2 வந்தால் 114.3, 65.8 வந்தால் 112. கடைசி இரண்டையும் கவனியுங்கள். வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்கும் குறைவு. ஐரோப்பியக் காரின் 112 சில்லை ஜப்பான் காரின் 114.3 ஹப்புக்கு "கொஞ்சம் தட்டி" ஏற்றுவது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஏற்றக் கூடாது.

காரின் பெயரை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். கொரோலா என்ற ஒரே பெயரில் 4×100, 5×100, 5×114.3 என்று மூன்று வகையும் வந்திருக்கின்றன.

பிசிடி சரியாக இருந்தும் உட்காரவில்லை என்றால், நடுத்துளை சிறிதாக இருக்கலாம். டொயோட்டா விட்ஸ், அக்குவா போன்றவற்றின் நடுத்துளை 54.1 மி.மீ. ஹொண்டா ஃபிட்டின் ஹப் 56.1. இரண்டும் 4×100 என்றாலும் விட்ஸின் சில்லு ஃபிட்டின் ஹப்பில் ஏறாது. நிசான் மார்ச்சின் ஹப் இன்னும் பெரிது, 59 அல்லது 60. அலோய் சில்லின் நடுத்துளையை லேத்தில் நடு பிடித்துச் சற்றுக் கடைந்து பெரிதாக்கலாம். நடுவில் போதிய உலோகம் இருக்கும் சில்லுக்கு அதை நான் ஏற்றுக்கொள்வேன். கிறைண்டரால் தேய்ப்பதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். கண்மட்டத்தில் தேய்த்த துளை வட்டமாக இருக்காது.

இவை இரண்டும் சரியென்றால் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். உப்புக் காற்று படும் கரையோரக் கார்களில் அங்கே துரு திரண்டு நிற்கும். பழைய அலோய் சில்லின் முதுகிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியத் தேய்த்தெடுங்கள். காரைத் தொழிற்சாலையில் பூட்டும்போது டிரம்மும் டிஸ்கும் விழாமல் பிடிக்க, போல்ட்டில் மெல்லிய தகட்டு வளையம் மாட்டியிருப்பார்கள். அது இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள். சில்லு சாய்ந்து உட்கார அந்தத் தகடு ஒன்றே போதும்.

நட் இரண்டு சுற்றோடு இறுகுகிறது

இந்த அறிகுறியை அலட்சியம் செய்தவர்கள்தான் அதிகம். கையால் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்ட நட்டுக்கு எயார் கன்னை (காற்றழுத்தத்தால் நட் இறுக்கும் கருவி) பிடித்தால் அது "டர்ர்" என்று அடிவரை போய்விடும். பார்ப்பவர் இறுகிவிட்டது என்று நினைப்பார். உள்ளே நட்டின் புரி போல்ட்டின் புரியை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

காரணம் பெரும்பாலும் புரியின் இடைவெளி. டொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி, மஸ்டா கார்களின் போல்ட் 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. புரி. நிசான், சுசுகி, சுபாரு கார்களில் விட்டம் அதே 12, புரி 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வகன் ஆர் வைத்திருப்பவர்கள் விட்ஸின் அலோய் சில்லைத் தேடிப் பிடிக்கும்போது மாட்டிக்கொள்வது இங்கேதான். துளை வட்டம் 100, நடுத்துளை 54.1 என்று இரண்டும் அப்படியே பொருந்தும். சந்தோசத்தில் சில்லோடு வந்த நட்டையே பூட்டத் தொடங்குவார்கள். அந்த நட் டொயோட்டாவுடையது.

ஆகவே விதி இது: புரியைப் பொறுத்தவரை நட் காருக்குரியது, சில்லுக்குரியதல்ல. உங்கள் காரின் பழைய நட் ஒன்றை எடுத்து, சில்லைப் பூட்டாமல் வெறும் போல்ட்டில் ஏற்றிப் பாருங்கள். அது விரல் நுனியால் கடைசிவரை ஓடுமானால் போல்ட் நல்லது. அடுத்ததாகப் புது நட்டை ஏற்றிப் பாருங்கள். அதுவும் அதே போல் ஓட வேண்டும். கையால் ஓடாத நட்டை ஸ்பனரால் ஓட்ட வேண்டாம்.

பழைய நட்டே சிக்கினால் போல்ட்டின் புரி ஏற்கனவே பழுது. முந்திய முறை யாரோ கன் பிடித்திருக்கிறார்கள். புரி சீப்பு ஓட்டித் திருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். மண்ணும் துருவும் அடைத்த புரிக்கு அது சரி. உலோகம் கிழிந்த புரிக்கு அது ஒப்பனை மட்டுமே. போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்துப் புதிது போடுங்கள். ஒரு போல்ட்டின் விலை காரின் செலவுகளிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று.

நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்பதையும் எண்ணுங்கள். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது புரி பிடித்திருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில், 1.5 புரியானால் எட்டுச் சுற்று, 1.25 புரியானால் பத்துச் சுற்று. சில்லு ஹப்பைத் தொட்டு நிற்கும் நிலையிலிருந்து எண்ண வேண்டும். அலோய் சில்லின் அடித்தட்டு இரும்புச் சில்லினுடையதை விடத் தடிப்பு என்பதால் சுற்று குறையும். இடையில் 5 மி.மீ. ஸ்பேசர் (சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டு) வைத்தால் இன்னும் மூன்று நான்கு சுற்றுப் போய்விடும். கணக்கு 1.5 புரியில் எட்டுக்கோ 1.25 புரியில் பத்துக்கோ கீழே வந்தால் நீளமான போல்ட் போடாமல் அந்தச் சில்லை ஓட்டக் கூடாது.

இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. தொப்பி மூடிய பளபளப்பான நட்டுகளில் போல்ட்டின் முனை உள்ளே போய்த் தொப்பியில் முட்டும். ஸ்பனர் இறுகிவிட்டதாகச் சொல்லும். சில்லோ கையால் ஆட்டினால் ஆடும். மெல்லிய இரும்புச் சில்லில் இது சாதாரணமாக நடக்கும்.

நட் இறுகியது, சில நாட்களில் தளர்ந்துவிடுகிறது

மெதுவாக ஓடும்போது ஒரு பக்கத்திலிருந்து "டக், டக்" என்று வேகத்துக்கேற்பச் சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பண்ணைப் பாலத்தின் நடுவானாலும் சரி. நட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு அடியும் நகர்த்த வேண்டாம்.

நட் தானாகத் தளராது. பெரும்பாலும் அது உட்காரும் குழியின் வடிவம் ஒத்துவராதபோதே தளரும். ஹொண்டாவின் சொந்தச் சில்லுகளில் குழி உருண்டை வடிவம். கடைகளில் கிடைக்கும் வெளிக் கம்பனி அலோய்களில் பெரும்பாலும் கூம்பு. டொயோட்டாவின் சொந்த அலோய்களில் பல, தட்டையான வளையமும் நேரான கழுத்தும் கொண்ட நட்டைக் கேட்பவை. உருண்டைக் குழியில் கூம்பு நட்டை இறுக்கினால் இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். அந்தக் கோடு அலுமினியத்தில் அமிழ அமிழ இறுக்கம் குறையும்.

சோதனை எளிது. நட்டின் முகத்தில் மை தடவுங்கள். வீட்டில் உதட்டுச்சாயம் இருந்தால் அது இன்னும் நல்லது; சொந்தக்காரரிடம் கேட்டு எடுப்பது உங்கள் பொறுப்பு. மெல்ல இறுக்கிக் கழற்றுங்கள். குழியில் அகலமான முழு வளையமாகச் சாயம் படிந்தால் வடிவம் சரி. மயிரிழை போன்ற கோடோ அரைப் பிறையோ விழுந்தால் நட் பிழை. ஆக, புரி காரைப் பார்க்க வேண்டும், முகம் சில்லைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நட்டில் கடையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

அரைப் பிறை எல்லாத் துளையிலும் வெளிப்பக்கமாகவோ உட்பக்கமாகவோ ஒரே மாதிரி விழுந்தால் பிசிடியே தவறு. மொறிஸ் மைனர்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மைனரின் பிசிடி 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. ஜப்பான் காரின் 100 மி.மீ. சில்லு அதில் ஏறிவிடும். ஒவ்வொரு போல்ட்டும் 0.8 மி.மீ. உள்ளே வளைந்துகொடுக்கும். அதன் போல்ட்டும் மெல்லியது, முக்கால் அங்குலத்தில் பாதி. வளைந்த நிலையில் நாள் முழுவதும் சுழலும் போல்ட் ஒருநாள் களைத்து முறியும். அந்தக் கார் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது இதற்காக அல்ல.

வடிவமும் வட்டமும் சரியாக இருந்தும் தளர்கிறது என்றால் இறுக்கிய விதத்தைப் பாருங்கள். குழிக்குள் தடிப்பாகப் பெயின்ற் அடித்திருந்தால் அது நசிந்து இறுக்கம் போகும். சில்லைக் காற்றில் தொங்கவிட்டு நட்சத்திர ஒழுங்கில் கையால் ஏற்றி, இறக்கி, நிலத்தில் சில்லு பட்ட பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். டொயோட்டாக்களுக்குப் பொதுவாக 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. சுசுகியின் சிறு கார்களுக்கு இதைவிடக் குறைவு. காரின் கைநூலைப் பாருங்கள். 103 என்பது 30 செ.மீ. ஸ்பனரின் நுனியில் ஏறத்தாழ 35 கிலோ பாரம். அதே ஸ்பனரில் 65 கிலோ ஆள் ஏறி நின்றால் 190ஐத் தாண்டும். ஸ்பனரில் ஏறி மிதிப்பதை ஒரு தகுதியாகச் சொல்லும் கராஜிலிருந்து உங்கள் போல்ட்டுகளைக் காப்பாற்றுங்கள். புரியில் எண்ணெய் பூசவும் வேண்டாம். வழுக்கும் புரியில் அதே ரோர்க் போல்ட்டை அளவுக்கு மிஞ்சி இழுக்கும்.

புதுச் சில்லு பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கொழும்புக்குப் புறப்படுபவர்களுக்குக் கிளிநொச்சி அதற்கு வசதியான இடம். எப்படியும் தேநீருக்கு நிறுத்துவீர்கள்.

கையால் சுற்றும்போதே எங்கோ உரசுகிறது

முன்சில்லு என்றால் பிறேக் கலிப்பர்தான், அதாவது டிஸ்கைப் பற்றிப் பிடிக்கும் பாகம். சிறிய றிம்மின் உட்சுவரோ ஆரக்கால்களின் முதுகோ அதில் படும். எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி தேவை. சுத்தமாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தட்டுகிறது என்றால், பழைய பலன்ஸ் ஈயத்துண்டு உள்ளே ஒட்டியபடி இருக்கும். கலிப்பரைத் தேய்த்துச் சில்லைப் பொருத்துவதைப் பற்றி ஒரு சொல்: கூடாது.

வளைவில், வேகத்தடையில், ஆள் ஏறினால் உரசுகிறது

ரயரின் இரு தோள்களிலும் வெண்கட்டியால் கோடு போடுங்கள். பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றுங்கள். ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து ஒழுங்கைக்குள் ஒரு சுற்று வாருங்கள். கோடு எங்கே அழிந்திருக்கிறது என்பது காரணத்தைச் சொல்லும்.

வெளித்தோள் அழிந்தால் சில்லு வெளியே தள்ளி நிற்கிறது. உட்தோள் அழிந்தால் ஷொக் அப்சோபர் பக்கமாக நெருங்கிவிட்டது; பிறேக் குழாயையும் பாருங்கள், அது தேய்ந்தால் பிறேக்கே போய்விடும். இதைத் தீர்மானிப்பது றிம்மின் அகலமும் ஓஃப்செட்டும். ஓஃப்செட் என்பது சில்லின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. சில்லின் முதுகிலோ ஆரக்காலின் பின்புறத்திலோ மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும்.

உதாரணமாக, 6 அங்குல அகலமும் 45 ஓஃப்செட்டும் கொண்ட சில்லைக் கழற்றி, 7 அங்குலமும் 35ம் உள்ளதைப் போடுகிறீர்கள். அகலத்தில் கூடிய ஓர் அங்குலம் இரு பக்கமும் பாதியாக 12.7 மி.மீ. பிரியும். ஓஃப்செட் குறைந்ததால் முழுச் சில்லும் 10 மி.மீ. வெளியே வரும். வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே போகிறது, உள்விளிம்பு 2.7 மி.மீ. உள்ளே போகிறது. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் போட்டுப் பாருங்கள். மட்காட்டின் விளிம்பைச் சுத்தியலால் மடித்துச் சமாளிப்பது பெயின்ற் வெடித்துத் துரு நுழைய வழி செய்வதுதான். இந்த ஊர்க் காற்றுக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை.

ரயரின் நடு, அதாவது ஓடும் முகம், மேலே தட்டினால் ரயர் உயரம் கூடிவிட்டது. வகன் ஆருக்கு வரும் 155/65–14 ரயரின் உயரம் 557 மி.மீ. விட்ஸோடு வரும் 165/70–14 ரயரின் உயரம் 587. ஐந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம். சில்லை வாங்கினாலும் ரயரை விட்டுவிட வேண்டிய இடம் இது. வித்தியாசம் மூன்று வீதத்துக்குள் இருக்கட்டும். ரயர் உயர்ந்தால் வேகமானியும் குறைத்துக் காட்டும்: மேற்சொன்ன இரண்டையும் மாற்றினால் 60 காட்டும்போது உண்மையில் 63.

70ஐத் தொட்டதும் நடுங்குகிறது

யாழ் நகருக்குள் ஓடும்வரை இது தெரியாது. ஆனையிறவு தாண்டி ஏ-9 நேராக விரியும்போது தெரியும். ஸ்ரியறிங் நடுங்கினால் முன்சில்லு. இருக்கை நடுங்கினால் பின்சில்லு. பிறேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். நட்டை ஏற்றத்தாழ்வாக இறுக்கினாலும் டிஸ்க் கோணும்.

பலன்ஸ் செய்தும் போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கடைக்குப் போகிறவர்கள் நடுத்துளையைப் பார்ப்பதில்லை. ஃபிட்டின் 56.1 சில்லை டொயோட்டாவின் 54.1 ஹப்பில் போட்டால் சுற்றிலும் ஒரு மி.மீ. வெறுமை. பலன்ஸ் இயந்திரத்தில் சில்லு நடுத்துளையால் பிடிக்கப்பட்டுச் சுற்றுகிறது. காரில் நட்டுகளால் பிடிக்கப்பட்டுச் சுற்றுகிறது. இயந்திரம் பூச்சியம் காட்டும், காரோ நடுங்கும். வெளிவிட்டம் 56.1, உள்விட்டம் 54.1 கொண்ட ஹப் வளையம் நான்கு வாங்கிப் போடுங்கள். பிளாஸ்ரிக்கிலும் கிடைக்கும், அலுமினியத்திலும் கிடைக்கும். கரையோரத்தில் ஓடும் காருக்கு நான் பிளாஸ்ரிக்கையே சொல்வேன். அலுமினிய வளையம் இரும்பு ஹப்போடு உப்பில் பிடித்துக்கொண்டால் கழற்றச் சுத்தியல் வேண்டும்.

வளையம் போட்டும் நடுக்கம் நிற்காவிட்டால் றிம் வளைந்திருக்கிறதா பாருங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றவிட்டு, நிலையாக ஒரு குச்சியை விளிம்புக்கருகே பிடித்தால் ஆட்டம் தெரியும். பழைய அலோயில் ஒட்டு வைத்த வெடிப்பு கண்டால் அந்தச் சில்லைப் பூந்தொட்டிக்கு அடியில் வையுங்கள்.

ஸ்ரியறிங் பாரம், ஒரு பக்கம் இழுவை, முன்னிருந்து ஊளைச் சத்தம்

சில்லு அதிகம் வெளியே வந்ததன் விளைவுகள். வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் ஊளை என்றால் பெயாரிங் தேய்கிறது. ஸ்பேசரைக் கழற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் வைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

அப்போதும் ரயரின் பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீட்டைப் பாருங்கள். 75 என்றால் ஒரு ரயர் தாங்குவது 387 கிலோ. 84 என்றால் 500. வகன் ஆரின் சில்லை ரயரோடு ஒரு நான்கு துளை அக்சியோவுக்குப் போட்டால் அது ஓடும், நடுங்காது, உரசாது. ஐந்து பேரும் சாமான்களுமாகக் கதிர்காமம் புறப்படும் நாளில்தான் அந்த 387 போதாமல் போகும். நான்கு இலக்கத் தயாரிப்புத் திகதியையும் வாசியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

கடைசியாக உதிரிச் சில்லு. நான்கு சில்லும் நட்டும் மாறிய பிறகு டிக்கியில் கிடப்பது பழைய இரும்புச் சில்லாகவே இருக்கும். புது நட் அதன் குழியில் உட்காராமல் போகலாம், அல்லது தொப்பி முட்டலாம். இன்றே ஒரு பின்சில்லைக் கழற்றி உதிரியைப் பூட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் காரின் பழைய நட்டுகளில் ஒரு தொகுதியைத் துணியில் சுற்றி ஜக்கோடு வையுங்கள். சாவி போட்டுத் திறக்கும் நட் என்றால் அந்தச் சாவியையும் அதே இடத்தில் வையுங்கள்.